இரச நஞ்சும் அதன் முறிப்பும்

உலோகங்களுள் குளிரினும் கோடையினும் ஒப்ப நீர்வடிவில் நிற்பது பாதரசம். வைத்திய நூல்களும் வாத நூல்களும் அதனை இரசம், சூதம், பாரதம் எனப் பல பெயரான் வழங்கும். சுரங்கத்தில் அது பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதன்று. கெந்தகத்தோடு கூடிச் செந்நிறக் கல்லாய்க் கிடக்கும். அக்கல்லே இலிங்கம் எனவும் சாதிலிங்கம் எனவும் பெயர் பெறுவது. இலிங்கத்தை எரித்து எழும் ஆவியைக் குளிர்வித்தால் இரசம் இறங்கும். உப்பிலுள்ள குளோரின் என்னும் கூற்றோடு இரசம் கூடியமையும் சரக்குகள் இரண்டு. அவை பூரமும் வீரமும் ஆம். பூரம் நீரில் எளிதிற் கரையாதது. மேனாட்டு வைத்தியர் காலமெல் என்றது இதனையே. வீரம் நீரிற் கரைவது. குடலை அரித்துச் சிறிதளவானே உயிரைப் போக்கவல்லது. இந்நான்கனையும் வேறுபடுத்தி உணர்ந்தாலன்றி இரச நஞ்சின் வரலாறு விளங்காது. ஒன்றற்குரிய குணத்தை மற்றொன்றற்கு ஏற்றிக் கூறியதே அவ்வரலாற்றின் மயக்கங்களிற் பாதிக்குக் காரணம்.

சைவர்க்கு இவ்வுலோகம் வைத்தியச் சரக்கு மட்டும் அன்று. பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியர் வடமொழியில் இயற்றிய சர்வதரிசன சங்கிரகம், நகுலீச பாசுபதம், சைவம், பிரத்தியபிஞ்ஞை என்னும் மூன்றனையும் அடுத்து இரசேசுவர தரிசனம் என ஒன்றனை வைத்துரைக்கின்றது. இரசேசுவர வாதிகள் இரசத்தைச் சிவபிரானிடத்தும் அப்பிரகத்தை உமையம்மையிடத்தும் தோன்றியனவாகக் கொண்டனர்; பிறவியின் மறுகரையைத் தருதலின் பாரதம் எனப்பட்டது எனப் பெயர்க்காரணமும் கூறினர். அவர் கொள்கையின் சாரம் இது: வீடு உடலோடு நிற்கும்போதே எய்தற்பாலது, அதற்குரிய யோகம் முற்ற நெடுங்காலம் வேண்டும், நெடுங்காலம் வேண்டின் உடல் அழியாது நிற்றல் வேண்டும், அங்ஙனம் நிறுத்தவல்லது இரசம். சித்தாந்த சைவம் இதனை உடன்படவில்லை. உடம்பு மாயையின் காரியம் ஆதலின் தோன்றி ஒடுங்குவது; வீடு மலநீக்கத்தானும் திருவருளானும் ஆவதன்றி உடம்பின் உறுதியான் ஆவதன்று என்பது அதன் துணிபு. ஆயினும் இரசேசுவர வாதத்தின் அடியில் ஓர் உலகியல் வினா கிடக்கின்றது. இரசம் உடலினுட் புக்கால் செய்வது யாது? இஃது உரையளவை ஒன்றானே முடிக்கத்தக்க வினா அன்று. காட்சியானும் கருதலானும் அளந்தறியற்பாலது. அவ்வாறு அளந்தறிவதற்கு மருத்துவ உலகம் நானூற்றைம்பது ஆண்டிற்கு மேற்பட்ட காலத்தைச் செலவிட்டது. அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் நோயாளர்.

இரச நூலார் இரசத்தின் கொடுமையை அறியாதவர் எனல் பொருந்தாது. அவர்தம் நூல்களே இரசத்திற்குரிய குற்றங்களை எண்ணுமிடத்து விடத்தையும் ஒரு குற்றமாக வைக்கின்றன. அக்குற்றங்களை நீக்கி அதனைப் பக்குவப்படுத்தும் பொருட்டுப் பதினெட்டுச் சம்ஸ்காரங்களை வகுக்கின்றன. இரசார்ணவம், இரசத்தை முன்னர் உலோகத்தில் இட்டுச் சோதித்துப் பின்னரே உடலில் இடுக என்னும் நெறியை உரைக்கின்றது. சோதித்தன்றி உடலுக்கு ஈயற்க என்னும் உணர்வு பாராட்டத்தக்கது. ஆனால் உலோகத்திற் கண்ட சோதனை உடலின் செய்தியை எங்ஙனம் அறிவிக்கும்? செம்பிற்குக் கை நடுங்குவதில்லை, பல் உதிர்வதுமில்லை. சீனதேசத்தார் இச்சோதனையை உடலிலேயே செய்து கண்டனர். இலிங்கம் முதலியவற்றாற் சமைத்த சாகாமருந்தினை விரும்பி உண்ட தாங் மரபின் வேந்தருள் ஊத்ஸுங் கி.பி. 846-இலும், சுவான்த்ஸுங் கி.பி. 859-இலும், அம்மருந்தினாலேயே நலிந்து மாண்டனர் என்பது அந்நாட்டு வரலாற்றாசிரியர் கூற்று.

உரோமரும் இதனை ஒருபுடை அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, இலிங்கத்தைப் பொடிசெய்யும் தொழிலாளர் அதன் தூள் மூச்சிற் புகாதவாறு விலங்கின் நீர்ப்பையால் முகத்தை மூடிக்கொண்டனர் என எழுதிவைத்தார். அத்தொழிலாளர் கண்ட உண்மையை வைத்தியர் கண்டிருப்பின் பின்னர் நிகழ்ந்த பெருங்கேடு பெரிதும் குறைந்திருக்கும்.

அக்கேடு தொடங்கியது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில். கி.பி. 1495-இல் இத்தாலி நாட்டில் நேபிள்ஸ் நகரைச் சூழ்ந்த படைகளிடையே புதியதொரு கொடுநோய் வெளிப்பட்டு, சில ஆண்டினுள் ஐரோப்பா முழுதும் பரவியது. பறங்கியர் வழியே இந்தியாவிற்கு வந்தமையின் அதனைத் தமிழர் பறங்கிப்புண் என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் தம் பாவப்பிரகாசத்தில் பிரங்கரோகம் என்றனர். அந்நோய்க்கு ஐரோப்பிய வைத்தியர் கண்ட மருந்து இரசம். அரபு வைத்தியர் சொறி சிரங்கிற்குப் பூசிய இரசக்களிம்பு முன்னரே வழக்கில் இருந்தமையின், மேனியெங்கும் புண்படும் இப்புதுநோய்க்கும் அதனையே பயன்படுத்தினர். பாவமிசிரரும் இரசகர்ப்பூரத்தை விதித்தார். அதனோடு சீனத்தினின்று வந்த கிழங்கொன்றனையும் கூறினார். அக்கிழங்கு தமிழ் மருந்துக் கடைகளிற் பறங்கிச்சக்கை என வழங்குகின்றது. நோயின் பெயரே மருந்தின் பெயரிலும் ஏறிநின்றது.

ஐரோப்பிய முறை இத்தகையது. நோயாளியை வெப்பமிக்க சிற்றறையில் அடைத்து, காற்றுப் புகாவாறு மூடி, உடலெங்கும் இரசக்களிம்பினை நாடோறும் தேய்ப்பர். அல்லது இலிங்கத்தை நெருப்பிலிட்டு அப்புகையில் உடலை அமர்த்துவர். சில நாளில் ஈறு வீங்கும், நா தடிக்கும், வாயிற் புண் தோன்றும், பல் ஆடும், மூச்சு நாறும், வாய்நீர் ஓயாது பெருகிக் கலங்கலமாக வழியும். வைத்தியர் அக்கலத்தை அளந்து பார்த்து மகிழ்ந்தனர். நோய்க்குக் காரணமான தீநீர் உடலினுள் தேங்கிக் கிடந்தது எனவும், இரசம் அதனைக் கலக்கி வாய்வழியே வெளியேற்றுகின்றது எனவும் அவர் கருதினர். வாய்நீர் குறையின் மருந்து போதாது என மேலும் தேய்த்தனர்.

இக்கருதலை அளவைநூல் நெறியில் வைத்து ஆராய்தல் தகும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவை இலக்கணத்தை நூலின் முகப்பிலேயே வைத்தமையை அன்பர் அறிவர். வைத்தியர் கூறிய பக்கம், இவ்வுடலினின்று நோய்நீர் வெளியேறுகின்றது என்பது. ஏது, வாய்நீர் பெருகலான் என்பது. புகையைக் கண்டு தீயை அறிதல்போலக் காரியத்தைக் கண்டு காரணத்தை அறிந்ததாகவே அவர் எண்ணினர். ஆனால் புகை தீயை உணர்த்துதற்குத் தீயில்லா இடத்திற் புகை இல்லாமை உறுதிப்படல் வேண்டும். நோய்நீர் சிறிதும் இல்லாத உடலிலும், இரசம் புக்க அளவானே வாய்நீர் பெருகுமாயின், அவ்வேது விபக்கத்தினும் செல்வதாய் அநைகாந்திகம் என்னும் போலியாய் முடியும். ஆகவே விபக்கத்தை ஆராய்வதே வேண்டப்பட்டது. நோயற்றவனாய் இரசத்தோடு பழகுவோன் யாவன்? அவனுக்கு நேர்வது யாது? இவ்வினாவை நோய்ப்படுக்கையருகில் நின்ற வைத்தியர் வினாவவில்லை.

அவர்க்கு மயக்கந்தர மற்றொரு காரணமும் இருந்தது. பறங்கிப்புண் தானே மறைந்து உள்ளொடுங்கும் இயல்பினது. முதற்புண் சில வாரங்களில் மருந்தின்றியும் ஆறும். பின் தோன்றும் தடிப்பும் அடங்கும். ஆண்டு பல கழிந்து எலும்பையும் மூளையையும் இதயத்தையும் பற்றும். இடையே எம்மருந்து கொடுப்பினும் அம்மருந்தே தீர்த்ததுபோலத் தோன்றும். இரசம் அந்நோயின் கிருமியை ஓரளவு நலிவிப்பது என்பதும் மறுக்கத்தக்கதன்று. கிருமி இன்னதெனக் கண்டது 1905-இல். நோயை வேரறுக்கும் பெனிசிலின் பயன்பட்டது 1943 முதல். அதுகாறும் இரசத்தால் ஆன நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு எனப் பிரித்தளந்தவர் அரியர்.

செர்மானிய வீரரும் புலவருமான உல்ரிக் வான் ஹுட்டன் என்பார் இம்மருத்துவத்தைப் பதினொருமுறை தம் உடலிற் பட்டுணர்ந்தவர். 1519-இல் அவர் எழுதிய சிறுநூலில், அடைத்த அறையின் வெப்பமும், வாய்ப்புண்ணின் வேதனையும், உடன் கிடந்தோர் இறந்தமையும் விரித்துக் கூறி, இரசத்தை விடுத்துக் குவாயகம் என்னும் மரக்கட்டையின் கஷாயத்தை மேற்கொள்ளுமாறு வற்புறுத்தினார். அக்கஷாயத்தானும் அவர் பிழைத்திலர், 1523-இல் மாண்டார். எனினும் நோயின் துன்பம் வேறு, மருந்தின் துன்பம் வேறு எனப் பகுத்து எழுதிய நோயாளர் அவர் என்பது கருதத்தக்கது.

விபக்கத்தை ஆராய்ந்தவர் தொழிலாளரை நோக்கிய வைத்தியர். அவுக்ஸ்பர்க் நகரத்து உல்ரிக் எல்லன்பாக், பொற்கொல்லர்க்கு ஈயம், இரசம் முதலியவற்றின் புகையான் வருங் கேட்டினை உரைத்து 1473-இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அஃது அச்சேறியது 1524-இல். பாராசெல்ஸஸ் என்பார் சுரங்கத்தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதி முழுதும் இரசத்தால் வரும் நோயைப் பற்றியது. அவர் 1541-இல் இறந்தார். நூல் வெளிவந்தது 1567-இல். சுரங்கத்தானுக்கு நேரும் நடுக்கமும் வாய்ப்புண்ணும் இரசத்தால் விளைவன என எழுதிய அவரே பறங்கிப்புண்ணிற்கு இரசத்தை வழங்கியவர் என்பது வியப்பிற்குரியது. அளவறிந்து கொடுத்தால் நஞ்சும் மருந்தாம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பிழையன்று, பின்வந்தோர் அளவை மறந்து கொள்கையை மட்டும் கொண்டதே பிழை.

இரசச் சுரங்கங்களுட் பெரியன, ஸ்பெயின் நாட்டு அல்மதேனும், இப்போது ஸ்லொவீனியாவில் உள்ள இத்ரியாவும் ஆம். பெரு நாட்டு ஹுவான்காவெலிகாவும் அவற்றோடு எண்ணத்தக்கது. பொதோசியின் வெள்ளியைப் பிரித்தெடுக்கத் தோண்டப்பட்ட அச்சுரங்கத்தில் அந்நாட்டுப் பழங்குடியினர் முறைவைத்துக் கட்டாயமாக இறக்கப்பட்டனர். அங்கு மாண்டவர்க்கு எல்லையில்லை. இத்ரியாவில் இரசம் கண்டது 1490-இல். அங்கே கீழிறங்கி வேலைசெய்யும் நேரத்தை 1665-இல் நாளொன்றுக்கு ஆறுமணியாகக் குறைத்தனர். 1761-இல் அவ்வூர் வைத்தியராக இருந்த ஸ்கொபோலி, சுரங்கத்தார் கைந்நடுக்கத்தையும் பிற துன்பங்களையும் நேரிற்கண்டு நூலாக எழுதினார். கவளத்தை வாயிற் கொண்டுசெல்ல இயலாத அளவிற்கு நடுங்கிய அவருள் எத்தனைபேர்க்குப் பறங்கிப்புண் இருந்தது? இரசத்தின் ஆவியை மூச்சில் வாங்கியது ஒன்றே அவர்க்குப் பொதுவாயிருந்தது.

1700-இல் இத்தாலியரான இராமாத்ஸினி தொழில்தோறும் வரும் நோய்களை ஆராய்ந்து எழுதிய நூலில் இவ்வுண்மை தெளிவாக வெளிப்பட்டது. பொன்முலாம் பூசுவோர், வெனிஸ் நகரையடுத்த முரானோத் தீவிற் கண்ணாடிக்கு இரசம் பூசுவோர் முதலியோரின் நடுக்கத்தையும் வாதத்தையும் அவர் விரித்துரைத்தார். கண்ணாடிக்கு இரசம் பூசுபவர் அதனுள் தம் மெலிந்த முகத்தைத் தாமே கண்டு வருந்துவர் என்னும் குறிப்பு அந்நூலில் உள்ளது. அவற்றினும் இன்றியமையாதது மற்றொரு செய்தி. பறங்கிப்புண் நோயாளிக்குக் களிம்பு தேய்த்துவிடும் சிகிச்சையாளர்க்கும் வயிற்றுப்போக்கும் வாய்நீர்ப் பெருக்கும் வந்தன. தேய்க்கப்பட்டவன் வாயில் நீர் பெருகினால் நோய் நீங்குகின்றது என்றனர். தேய்த்தவன் வாயில் பெருகும் நீருடன் நீங்கும் நோய் யாது? இவ்வினாவிற்கு விடையின்மையின் அவர் கையுறை இட்டுக்கொண்டனர்; நோயாளியையே தேய்த்துக்கொள்ளுமாறும் விடுத்தனர். தம் உடலைக் காக்கக் கண்ட உண்மையை நோயாளி உடலைக் காக்கக் கொள்ளாதொழிந்தனர். இவ்வரலாற்றில் மன்னிக்க அரிதாகத் தோன்றும் இடம் இதுவே.

ஐயத்திற்கு இடமின்றி விபக்கம் நிலைபெற்றது 1810-இல். காடிஸ் துறையருகே புயலில் உடைந்த ஸ்பெயின் கலங்களினின்று, டிரையம்ஃப் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் ஏறக்குறைய 130 டன் இரசத்தை மீட்டு ஏற்றிக்கொண்டது. அவ்விரசம் தோற்பைகளில் இருந்தது. கடல்நீரில் நனைந்த தோல் அழுகிப் பைகள் வெடித்தன. இரசம் கப்பலின் அடித்தளமெங்கும் ஓடிப் பலகை இடுக்குகளிலும் உணவுப் பொருள்களிலும் கலந்தது. மூன்று வாரத்தில் இருநூறு மாலுமியர்க்கு வாய்நீர் பெருகியது. வாய்ப்புண்ணும் குடல்நோயும் வாதமும் தோன்றின. கப்பலில் இருந்த ஆடு, பன்றி, கோழி, பூனை, எலி யாவும் இறந்தன. கூண்டில் இருந்த ஒரு சிறு பறவையும் தப்பவில்லை. வில்லியம் பர்னெட் என்னும் கடற்படை வைத்தியர் இதனை ஆராய்ந்து 1823-இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். விலங்குகள் இரசத்தை மருந்தாக உண்டிலை. மாலுமியரும் களிம்பு பூசிக்கொண்டிலர். மூச்சுக்காற்றே நஞ்சிற்கு வாயிலாயிற்று.

உண்மை இங்ஙனம் வெளிப்பட்ட பின்னரும் வைத்தியர் கைவிட்டிலர் என்பதே வருந்தத்தக்கது. களிம்பின் இடத்தைப் பூரம் பற்றியது. 1793-இல் பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் பரவியபோது பெஞ்சமின் இரஷ் என்னும் பெயர்பெற்ற வைத்தியர் பத்துக் கிரெயின் எடைப் பூரத்தோடு பேதிமருந்தும் கலந்து மீண்டும் மீண்டும் கொடுத்து, நோயாளரின் குருதியையும் மிகுதியாக வடித்தார். இந்தியாவில் இருந்த ஆங்கில வைத்தியரும் சீதபேதி, ஈரல் நோய், வாந்திபேதி முதலியவற்றிற்குப் பூரத்தை அள்ளி வழங்கினர். வாய்வெந்தால் நோய் பிடிபட்டது என்பது அவர்தம் வழக்கு. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடபடையின் தலைமை வைத்தியர் வில்லியம் ஹாமண்ட், பூரத்தால் வீரர்க்கு வாய் அழுகுதல் கண்டு, படையின் மருந்துப் பட்டியினின்று அதனை நீக்கி ஆணை பிறப்பித்தார். வைத்தியர் கூட்டம் வெகுண்டெழுந்தது. போர்த்துறை அமைச்சரோடும் அவருக்குப் பகை இருந்தது. வேறு குற்றம் சாட்டப்பட்டுப் படைமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட ஹாமண்ட் 1864-இல் பதவியினின்று நீக்கப்பட்டார். அத்தீர்ப்பு மாற்றப்பட்டது 1879-இல். பழைய வழக்கை உரையளவையாகக் கொண்டோர் காட்சியளவையை ஒறுத்த கதை இது.

இதனினும் மறைவாக நின்றது குழந்தைகளைப் பற்றிய செய்தி. பல் முளைக்கும் பருவத்தே கொடுத்தற்குரியதெனச் சில சூரணங்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கப்பட்டன; அவற்றில் பூரம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாடுகளிற் குழந்தைகள் சிலர்க்குக் கையும் காலும் சிவந்து வீங்கித் தோல் உரிந்தன; ஒளியைக் காணக் கூசிக் குப்புறக் கிடந்தனர்; ஓயாது வியர்த்து, உறக்கமின்றி அழுது மெலிந்தனர்; பலர் இறந்தனர். இளஞ்சிவப்பு நோய் எனப் பெயரிட்டுத் தொற்று என்றும் உணவுக்குறை என்றும் காரணம் தேடினர். சூரணம் உண்ட குழந்தைகள் மிகப் பலராகவும் நோயுற்றவர் மிகச் சிலராகவும் இருந்தமையின் காரணம் புலப்படவில்லை. 1948-இல் சின்சினாட்டி நகரத்து ஜோசஃப் வார்கனியும் உடன் ஆராய்ந்த ஹப்பர்டும் அக்குழந்தைகளின் சிறுநீரில் இரசம் இருத்தலைக் கண்டு வெளியிட்டனர். 1954-இல் இங்கிலாந்தில் அச்சூரணங்களினின்று பூரம் நீக்கப்பட்டது. சில ஆண்டினுள் அந்நோயே இல்லையாயிற்று. அளவைநூலார் கூறும் எதிர்மறை இங்கே முற்றியது: இரசம் உள்வழி நோய் உண்மையும், இரசம் இல்வழி நோய் இன்மையும் ஒருங்கே காணப்பட்டன.

இனி, இரசத்தின் வடிவுதோறும் நஞ்சு வேறுபடும் முறை அறியத்தக்கது. விழுங்கிய இரசம், உருண்டோடும் உலோக வடிவில் இருப்பின், பெரும்பாலும் குடலில் ஒட்டாது மலத்தோடு கழியும்; வெப்பமானியைக் கடித்த குழந்தை பிழைத்தற்குக் காரணம் இதுவே. அதே இரசம் ஆவியாகி மூச்சிற் புகுமாயின், புக்கதில் ஐந்தில் நான்கு பங்கு குருதியிற் சேர்ந்து மூளைக்கு ஏறும். கைந்நடுக்கம், உறக்கமின்மை, காரணமற்ற நாணமும் சினமும் அதன் குறிகள். அவ்வாவிக்கு நிறமில்லை, மணமில்லை. வீரம் உண்டால் குடல் வெந்து, சில நாளிற் சிறுநீரகம் கெட்டு நீர் கட்டும். கரிமத்தோடு கூடிய இரசம் இம்மூன்றினும் கொடியது. மெத்தில் இரசம் என்பது அதற்குப் பெயர். குடல் அதனை ஏறக்குறைய முழுதும் ஏற்கும். அது மூளையினுட் புகும். கருவிலுள்ள சிசுவையும் பற்றும்.

1940-இல் ஹண்டர் முதலிய ஆங்கில வைத்தியர், விதைகாக்கும் மருந்து செய்த ஆலையொன்றில் மெத்தில் இரசம் தாக்கிய தொழிலாளர் நால்வரின் நோயை எழுதினர்: பார்வை சுருங்குதல், நடை தள்ளாடுதல், சொல் குழறுதல், செவிப்புலன் குன்றுதல். அவ்வெழுத்து பதினாறு ஆண்டிற்குப் பின்னர் ஜப்பானில் நிகழ்ந்த பெருந்துயரின் காரணத்தை அறிதற்குத் துணையாயிற்று. மினமாட்டா விரிகுடாவின் கரையிற் பூனைகள் வெறிபிடித்துச் சுழன்று கடலில் விழுந்தன. 1956 மே முதல்நாள், சிஸ்ஸோ என்னும் ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹோஸோகாவா, இனம் தெரியாத நோயொன்று குழந்தைகளைப் பற்றியுள்ளது என அரசினர் சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார். 1959-இல் குமமொட்டோ பல்கலைக்கழகத்தார் காரணம் கரிம இரசம் என வெளியிட்டனர். அவ்வாண்டே ஹோஸோகாவா ஆலைக்கழிவைச் சோற்றிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டி அந்நோயே தோன்றக் கண்டார். ஆலையார் அச்செய்தியை வெளியிடாது மறைத்தனர். கழிவு கடலிற் கலப்பது நின்றது 1968-இல். மீனுண்ட தாயர் பலர் நலமாகத் தோன்ற, அவர் வயிற்றுப் பிள்ளைகள் கைகால் முடங்கிப் பிறந்தன. ஈராக்கில் 1971-72-இல் விதைப்பதற்கென வந்த மெத்தில் இரசம் பூசிய கோதுமையை மாவாக்கி உண்டமையால் 6,530 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். அவருள் 459 பேர் இறந்தனர்.

இந்நஞ்சிற்கு முறிப்பு தேடிய வரலாறு இரசநூல்களைப் பயின்றோர்க்குத் தனிச்சுவை தருவது. இரசத்திற்கும் கெந்தகத்திற்கும் உள்ள பற்றினைச் சித்தரும் இரசவாதியரும் நன்கறிவர். இரண்டனையும் கல்வத்திலிட்டு அரைத்துக் கருநிறக் கச்சளி ஆக்குதல் அவர் செய்தொழிலின் தொடக்கம். உடலினுள் நிகழ்வதும் அதுவே. உடலின் புரதங்களில் கெந்தகமும் நீரகமும் கூடிய சிறு கூறுகள் உள. உயிர்த்தொழில்கள் பல அவற்றால் நடக்கும். உட்புக்க இரசம் அக்கூறுகளைத் தேடிப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் தொழில் நிற்கும். டென்மார்க்கு இரசாயன அறிஞர் ட்ஸைஸே, 1830-களில் அத்தகைய கூறுடைய பொருள்களைக் கண்டு, இரசத்தைப் பிடிப்பது எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் மெர்காப்டன் என்று பெயரிட்டார். அப்பெயரிலேயே முறிப்பின் வழி கிடந்தது. அதனைக் காணுதற்கு நூறாண்டிற்கு மேலாயிற்று.

அதுகாறும் வைத்தியர் கையாண்டவை சிறுவழிகள். வீரம் உண்டவனுக்குக் கோழிமுட்டையின் வெண்கருவைக் கொடுத்து நஞ்சினைக் குடலிலேயே கட்டுதலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர்பிலா வற்புறுத்தினார்; குருதியிற் கலந்தபின் அதனாற் பயனில்லை. 1940-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ருடால்ப் பீட்டர்ஸ் தலைமையில் ஸ்டாக்கன், தாம்சன் என்பார், லூயிசைட் என்னும் பாடாணப் போர்ப்புகைக்கு மாற்றுத் தேடினர். புரதத்தில் அருகருகே நிற்கும் இரு கெந்தகக் கூறுகளையே பாடாணம் பற்றுகின்றது என உணர்ந்து, அவ்வாறே இரு கெந்தகக் கூறுகளை அருகருகே உடைய சிறுபொருள் ஒன்றனைச் சமைத்தனர். நஞ்சு புரதத்தை விட்டு அதனைப் பற்றிச் சிறுநீர் வழியே போயிற்று. போர்க்காலமாதலின் செய்தி மறைபொருளாக இருந்து 1945-இல் வெளிவந்தது. பாடாணத்திற்கென அமைந்த அதுவே இரசத்திற்கும் முறிப்பாதலை மறு ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் லாங்கோப்பும் லூட்ஷரும் வீரம் உண்டாரிடத்துக் காட்டினர். வேர்க்கடலை எண்ணெயிற் கலந்து தசையினுள் ஆழ ஏற்றப்படுவது. நாற்றமும் வலியும் மிக்கது. நஞ்சுண்ட சில மணிநேரத்துள் தொடங்கினாற்றான் சிறுநீரகத்தைக் காப்பது. பின்னர் 1950-களில் உருசியரும் சீனரும் நீரிற் கரையும் மாற்றுக்கள் இரண்டனைக் கண்டனர். யூனிதியால் எனவும் சக்ஸிமர் எனவும் வழங்கும் அவற்றுள் பின்னையது வாய்வழியே கொடுக்கத்தக்கது. இருபாலும் முறிப்பாக நிற்பது கெந்தகமே.

ஆனால் இம்முறிப்பிற்கும் எல்லை உண்டு. கரிம இரசத்திற்கு முதலிற் கூறிய முறிப்பைக் கொடுத்தல் கூடாது. அது நஞ்சினை மூளைக்கே கொண்டுசேர்ப்பதென விலங்குகளிற் கண்டனர். ஈராக்கில் கெந்தகக் கூறுடைய மருந்துகள் குருதியிலுள்ள இரசத்தை விரைந்து குறைத்தன. கெட்டுப்போன மூளையை அவை மீட்டில. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி இரசாயனப் பேராசிரியை காரன் வெட்டர்ஹானின் கையுறையில் இருமெத்தில் இரசத்தின் துளி சில விழுந்தன. இரப்பர்க் கையுறையை அது கணப்பொழுதில் ஊடுருவியதை அவர் அறிந்திலர். நோய்க்குறி தோன்றியது ஐந்து மாதம் கழிந்து; முறிப்பு கொடுத்தும் 1997 சூன் மாதத்தில் மாண்டார். நஞ்சு புகுங்காலமும் குறி தோன்றுங்காலமும் இத்துணை சேய்மைப்படுதலின், குறி கண்டு மருந்து தேடுவது பிந்திய செயலாகின்றது. ஆவியான் நோயுற்றவர்க்கும் முதற் சிகிச்சை, அவரை அவ்விடத்தினின்று அகற்றுதலே. நடுக்கம் புதிதாயின் அதனால் மட்டுமே பெரிதும் தணிவதும் உண்டு.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைமேல் 1980-களில் தொடங்கிய வெப்பமானி ஆலை, இரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு பழையபொருட் கடையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட பின்னர் 2001-இல் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டு வழக்கிற்குப் பின், 2016-இல், முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஆலையார் உதவித்தொகை அளிக்க உடன்பட்டனர். அங்கும் வழக்கின் கடினம் குறியைப் பற்றியதே: இந்நடுக்கமும் இச்சிறுநீரகக் கேடும் இரசத்தால் வந்தனவா, பிறவற்றால் வந்தனவா என்பது.

இரசம் சேர்ந்த செந்தூரங்களும் பற்பங்களும் சித்த ஆயுள்வேத முறைகளில் இன்றும் வழங்குகின்றன. கெந்தகத்தோடு இறுகிய இரசம் வீரத்தைப்போல எளிதிற் கரைவதன்று ஆதலின் அதன் கொடுமை மிகக் குறைவு என்பது உண்மை. கொடுமையே இல்லை என்பது அதனாற் பெறப்படாது. 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆராய்ச்சியொன்று, இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுள்வேத மருந்துகளை அளந்து, அவற்றில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ இரசமோ பாடாணமோ இருத்தலைக் கண்டது. மருந்திற் கண்ட அளவு இது. உண்டவன் குருதியிலும் சிறுநீரிலும் எவ்வளவு ஏறியது என்பது வேறு அளவு. முறையாக முடித்த செந்தூரத்தை உண்போர்க்கு இப்பின்னைய அளவினை நாட்கணக்கில் தொடர்ந்து எடுத்து, உண்ணாதாரோடு ஒப்பிட்டுக் காண்பது, இரசார்ணவம் உலோகத்திற் செய்யச் சொன்ன சோதனையினும் எளிது. சிறுநீர் ஒரு குப்பியும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் அதற்குப் போதும்.